இப்போது என்ன கேட்கிறீர்கள்?

சங்கீதப் பைத்தியம் பிடித்த இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் முதலில் சௌக்கியம் விசாரிக்க மாட்டார்கள். "இப்போ என்ன கேட்டுண்டிருக்கேள்?" என்பார்கள். பக்கத்தில் நிற்கிற சாதாரண மனிதருக்கு இது ஏதோ கடன் கேட்ட விவகாரம் என்று தோன்றும். அதெல்லாம் ஒன்றும் இல்லை. எந்த வித்வானுடைய எந்தப் பதிவு இந்த வாரம் உங்கள் வீட்டில் பாடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் கேள்வி. வருகிற பதிலைக்கொண்டு எதிராளியின் உடம்பு, மனசு, குடும்ப நிலவரம் மூன்றையும் ஒருவாறு சொல்லிவிடலாம் என்பது என் அனுபவம். "ஒரு மாசமா மதுரை மணி ஐயர்தான்" என்றால் மனிதர் சந்தோஷமாக இருக்கிறார் என்று அர்த்தம். "எம். டி. ராமநாதன்" என்றால் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, பையனுக்கு வேலை கிடைத்துவிட்டது, இனி எதற்கும் அவசரம் இல்லை. "ஒண்ணும் கேக்கலை ஸார்" என்று பதில் வந்தால், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை. மேற்கொண்டு துருவாமல் காப்பிக்கு அழைத்துப் போய்விட வேண்டும்.

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே நாங்கள் ஆறு பேர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நங்கநல்லூரில் கூடுகிறோம். கூட்டத்துக்குப் பெயர் கிடையாது. தலைவர், செயலாளர், பொருளாளர் கிடையாது. பதினொரு வருஷமாக உடையாமல் இருப்பதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. கூடுகிற இடம் ஒரு மாமாவின் வீட்டுக் கூடம். அவருக்கு வயது எண்பது. மற்றவர்களெல்லாம் அவரை மாமா என்றே கூப்பிடுவதால் இங்கேயும் அப்படியே இருக்கட்டும். ஆளுக்கு ஒரு பதிவு, இருபது நிமிஷம். போட்டுக் காட்ட வேண்டும். ஏன் அதைக் கேட்கிறோம் என்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். ஒருத்தர் கொண்டுவந்த வித்வானை இன்னொருத்தர் காப்பி வருகிற வரையில் மட்டம் தட்டக் கூடாது. சட்டம் அவ்வளவுதான். காப்பி சில நாளைக்குச் சீக்கிரமே வந்துவிடும்.

பாங்கியிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் வருகிறார். அவருக்குக் கிராமபோன் பிளேட்தான் சங்கீதம். அப்புறம் வந்ததெல்லாம் சௌகரியம். ஒரு பிளேட்டைத் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வருவார். கைக்குழந்தையைக்கூட அவ்வளவு பதனமாக யாரும் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. அரக்கு பிளேட் கீழே விழுந்தால் அப்பளம்தான். அவரிடம் நான் கற்றுக்கொண்டது கொஞ்சமல்ல. 1902-ல் கிராமபோன் கம்பெனியின் கெய்ஸ்பர்க் துரை கல்கத்தாவுக்கு வந்து பதிவு செய்தபோது பாடிய கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தன் பெயரை இங்கிலீஷில் சொல்லி முடிப்பாள். அந்தக் காலத்தில் பிளேட் அச்சாகிறது ஜெர்மனியில், ஹானோவரில். இந்தப் பாட்டு யாருடையது என்று அங்கே இருப்பவனுக்குத் தெரிய வேண்டாமா? அதற்காகச் சொன்னது. இன்றைக்கு அந்தப் பதிவைக் கேட்கிறபோது, பாட்டைவிடக் கடைசியில் வருகிற அந்த ஒரு வாக்கியந்தான் ஓர் உயிருள்ள பெண் பிள்ளையை நம் முன்னால் நிறுத்துகிறது என்பார் பாங்கி நண்பர். இதைச் சொன்னவரே பின்னால் ஒரு விஷயத்தில் நேர் எதிர்க் கட்சியில் உட்கார்ந்தார். அது வருகிறது.

நிமிஷத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்று. பத்து அங்குல பிளேட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், மிஞ்சினால் சில விநாடி. கச்சேரியில் ஒரு கீர்த்தனையை அரை மணி நேரம் பாடுகிற மகாவித்வான்களெல்லாம் இந்த மூன்று நிமிஷத்துக்குள் அடங்கிக் கையைக் கட்டிக்கொண்டு பாடியிருக்கிறார்கள். ஆலாபனை நாலு வரி; பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று ரயிலைப் பிடிக்கிற வேகம். பெரியவர்கள் பாடினார்களே என்று அந்த வேகத்தையே பாடாந்தரமாக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் குறை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. என். சி. வசந்தகோகிலம் சிறு வயதிலேயே, 1951-ல் போய்விட்டார். இன்று நமக்கு அவர் என்று இருப்பதில் பெரும்பங்கு அந்த மூன்று நிமிஷங்கள்தாம். எங்கள் கூட்டத்துப் பள்ளிக்கூட ஆசிரியை ஒரு தடவை நாற்பது நாள் தொடர்ந்து, ஒரு மண்டலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவருடைய ஒரே ஒரு பிளேட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். "வேறே ஒண்ணும் கேக்கலையா?" என்றதற்கு, "இதையே இன்னும் கேட்டாகலையே" என்றார்.

அவருக்கு நேர் மாறானவர் ஒரு ஹோமியோபதி டாக்டர். பெட்டியளவுகூட இல்லாத ஒரு சாதனத்தில் நாலாயிரம் கச்சேரி வைத்திருக்கிறார். எல்லாம் இங்கும் அங்கும் பரிமாற்றத்தில் வந்தவை. ரொட்டித் துண்டைக் கண்ட எறும்பு மாதிரி, எங்கே ஒரு பதிவு இருக்கிறதென்றாலும் அங்கே டாக்டர் இருப்பார். கேட்டிருக்கிறாரா என்றால் அது வேறு கேள்வி. ஒரு நாள் நான் கணக்குப் போட்டேன். கச்சேரி ஒன்றுக்கு இரண்டரை மணி வைத்தால் பத்தாயிரம் மணி. தினம் இரண்டு மணி நேரம் கேட்டால் ஐயாயிரம் நாள்; பதின்மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. "பேஷண்டு இல்லாத நாளில் நாலு மணி நேரம் கேட்பேனே" என்றார். சேர்க்கிற சுகம் தனி. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. பாட்டி வீட்டு அலமாரியில் கட்டாத பட்டுப்புடவை இல்லையா?

என் சங்கதி என்னவென்றால், நான் காஸெட் காலத்துப் பிள்ளை. காஸெட்டைப் பிலிப்ஸ் கம்பெனி 1963-லேயே கொண்டுவந்துவிட்டது என்றாலும் எங்கள் ஊர்த் தெருவுக்கு அது வந்து சேர்ந்து, வீட்டுக்கு ஒரு டூ-இன்-ஒன் என்று ஆனபோது 1980-கள் பிறந்துவிட்டன. அப்பாவுக்குக் காஸெட் விலைக்கு வாங்குவது சம்மதமில்லை. வெற்றுக் காஸெட் வாங்கி, ரேடியோ முன்னால் டேப் ரிக்கார்டரை நிறுத்தி, "யாரும் மூச்சு விடக் கூடாது" என்று உத்தரவு போட்டுப் பதிவு செய்வார். குழந்தைகள் மூச்சை அடக்கிக்கொள்ளும், குக்கர் அடக்கிக்கொள்ளுமா? ஒரு காம்போதி ஆலாபனையில், வித்வான் மேல் ஸ்தாயிக்குப் போய் நின்று கார்வை கொடுக்கிற இடத்தில் எங்கள் அம்மாவின் குக்கர் மூன்று தடவை விசில் அடித்தது. அப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அந்தக் காஸெட் தெருவெல்லாம் பிரதியாகிப் பரவியது. எங்கள் ஊரில் இன்றும் அந்தக் காம்போதியை விசிலோடு மனப்பாடமாக அறிந்தவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். பிற்பாடு அதே கச்சேரி நல்ல பதிவாக எனக்குக் கிடைத்தது. கேட்டேன். அந்தக் கார்வை வந்தது, நின்றது, இறங்கியது. வாசல் படியை எதிர்பார்த்துக் காலை வைத்துப் படி இல்லாமல் போன மாதிரி இருந்தது.

காஸெட் ஒன்றுக்கு ஒன்று பிரதி எடுப்பதில் ஒரு தர்மம் இருந்தது. பிரதிக்குப் பிரதி இரைச்சல் ஏறும். அதனால் மூலப் பதிவு யாரிடம் இருக்கிறதோ அவருக்கு ஊரில் மதிப்பு. மதிப்பு இருக்கிற இடத்தில் கருமித்தனமும் இருக்கும். "என்னிடம் ஒரு தோடி இருக்கிறது" என்பார்கள். "கொஞ்சம் கேட்கலாமா?" என்றால் "ஒரு நாள் வாருங்களேன்" என்பார்கள். அந்த நாள் பஞ்சாங்கத்தில் இருக்காது. அவர் காலமான பிறகு பிள்ளைகள் வீட்டை ஒழித்துப் பழைய பேப்பர்காரனுக்குப் போடுகிறபோதுதான் அந்தத் தோடி வெளியே வரும், பிளாஸ்டிக் எடைக்கு. இப்படிப் போனவற்றைப் பற்றி நினைத்தால் எனக்கு வயிறு எரியும். வித்வான்களில் சிலர் எதிரே டேப் ரிக்கார்டரைக் கண்டால் முகத்தைச் சுளித்துக்கொள்வார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. கேட்காமல் எடுப்பது எடுப்பதுதான். ஆனால் எடுத்தது எடுத்தாகிவிட்டது. எடுத்ததை அலமாரியில் பூட்டி வைத்துச் சாகடிப்பது, அவர்களுக்குச் செய்கிற இரண்டாவது துரோகம் என்பது என் கட்சி.

நங்கநல்லூர் மாமாவையும் நாங்கள் வெகுகாலம் இந்த ஜாதியில்தான் சேர்த்திருந்தோம். அவரிடம் ஐந்து ஸ்பூல் இருந்தது எங்களுக்குத் தெரியும். 1967-ம் வருஷம், கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ராமநவமி உற்சவத்தின்போது எடுத்தவை. பாடினவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் இந்தக் கட்டுரை அச்சாகிற வாரமே மாமா வீட்டு வாசலில் கியூ நிற்கும். மாமிக்குக் காப்பிப் பொடி கட்டாது. பெரியவர், இப்போது இல்லை, இந்தக் கச்சேரி வேறு யாரிடமும் கிடையாது. இவ்வளவு போதும். டாக்டர் பத்து வருஷமாகக் கேட்டுப் பார்த்தார். "மிஷினில் பெல்ட் போயிடுத்து" என்பார் மாமா. பெல்ட் வாங்கி வருகிறேன் என்றால், "மோட்டாரும் சரியில்லை" என்பார். டாக்டர் மோட்டாருக்கும் தயாராகத்தான் இருந்தார். அதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் மாமாவுக்குக் காது மந்தமாக ஆரம்பித்தது. வயதானவர்களுக்கு முதலில் போவது உச்ச சப்தங்கள். பிள்ளை நல்ல விலையில் ஒரு ஹியரிங் எய்டு வாங்கிக் கொடுத்தான். அது வந்த பிறகு பேரன் பேசுவது கேட்டது, டெலிபோன் மணி கேட்டது, மாமி சொல்லுவதுகூடக் கேட்டது. சங்கீதம் போய்விட்டது. இந்தக் கருவிகள் பேச்சைக் கேட்பதற்காகச் செய்யப்பட்டவை. நீளமாக, அசையாமல் ஒரு சுரம் நின்றால், தனக்குள்ளேயே விசில் கிளம்பிவிட்டது என்று பல கருவிகள் நினைத்துக்கொள்கின்றனவாம். உடனே அதை அமுக்கப் பார்க்கும். தம்புராவும் கார்வையும் அதற்கு விரோதிகள். எண்பது வருஷத்தில் அறுபது வருஷம் கார்வைக்காகவே உயிரோடிருந்த மனிதருக்கு வந்த வியாதியைப் பாருங்கள்.

இதை மாமா எங்களிடம் சொல்லவில்லை. கூட்டத்தை நிறுத்தவும் இல்லை. வழக்கம்போல் ஊஞ்சலில் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள்தான் பிடிபட்டது. கூட்டத்திலேயே இளையவன் ஒரு இஞ்சினியர்ப் பையன்; சங்கீதத்தில் ஆசை அதிகம், தாளத்தில் கொஞ்சம் தடுமாற்றம். அன்று ஒரு மிச்ர சாபு கீர்த்தனையில் அவன் தாளம் தப்பினான். எதிரே உட்கார்ந்திருந்த மாமாவும் அதே இடத்தில், அதே மாதிரி தப்பினார். ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மாமா எங்கள் கைகளைப் பார்த்துத்தான் தாளம் போட்டுக்கொண்டிருந்தார், எத்தனை மாதமாகவோ தெரியாது.

அதற்கு அடுத்த மாதம் நாங்கள் போனபோது ஊஞ்சலில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே ஐந்து ஸ்பூல். "எடுத்துண்டு போங்கோ. யாராவது கேக்கட்டும்" என்றார் மாமா. டாக்டருக்குக் கை நடுங்கியது. பையன் பெட்டியைத் திறந்ததும் குப்பென்று வினிகர் வாடை அடித்தது. அசிடேட் டேப் கெட ஆரம்பித்தால் அப்படித்தான் வாடை வருமாம். வாடை வந்துவிட்டால் அப்புறம் கெடுவது வேகமாக நடக்கும். ஓரம் சுருண்டு, விறைத்து, கடைசியில் மிஷினில் படியவே படியாது. இரண்டு ஸ்பூல் அந்த நிலைமையை எட்டிக்கொண்டிருந்தது. இன்னும் நாலைந்து வருஷம் அட்டைப்பெட்டியில் இருந்திருந்தால் ராமநவமியும் இல்லை, ராகமும் இல்லை.

பையன் எங்கேயோ பிடித்து ஒரு ஸ்பூல் மிஷினை வாங்கிப் பழுது பார்த்து வைத்திருந்தான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை நானும் கூட இருந்தேன். ஓடுகிற டேப்பிலிருந்து மிஷின் தலையில் பழுப்பாகப் பொடி உதிரும். அதைத் துடைத்துத் துடைத்துத் திரும்ப ஓட்ட வேண்டும். அந்தப் பொடிதான் சங்கீதம் என்று நினைத்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏழு அங்குல ஸ்பூல், ஆயிரத்து இருநூறு அடி. விநாடிக்கு மூன்றே முக்கால் அங்குலம் வீதம் ஓடினால் ஒரு பக்கத்துக்கு அறுபத்து நாலு நிமிஷம். கிராமத்து மின்சாரம் இறங்கி ஏறினபோதெல்லாம் மோட்டாரும் இறங்கி ஏறியிருக்கிறது. அதனால் ஒரே பாட்டுக்குள் வித்வான் சுருதி மாறுகிற மாதிரி ஒரு மாயம். அதைப் பையன் தம்புராவை வைத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகச் சரிப்படுத்தினான். மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்து நாலு சொல் விழுந்ததும் டக்கென்று நின்றுவிட்டது. தனியில் டேப்பை நிறுத்தி மிச்சம் பிடிப்பது அந்தக் காலத்து வழக்கம். எத்தனை மிருதங்க வித்வான்களின் கைவேலை இந்தச் சிக்கனத்துக்குப் பலியாயிற்றோ!

பாட்டைப் பற்றி நான் என்ன எழுதுவது? எழுதினால் வர்ணனையாகிவிடும். மோகனத்தில் ஒரு இடம் வந்தபோது பையனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவ்வளவு சொல்கிறேன்.

அடுத்த கூட்டத்துக்குப் பையன் எல்லாம் தயாராகக் கொண்டுவந்தான். ஸ்பூல் இரைச்சல் போய்விட்டது. இருமல் போய்விட்டது. குழந்தை அழுகை, நாய்க் குரைப்பு, நாற்காலி இழுக்கிற சப்தம் எதுவும் இல்லை. இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் பேச்சு வேறு, பாட்டு வேறு என்று அன்னப்பட்சி மாதிரி பிரித்துவிடுகிறது. பெரியவர் நேற்றைக்கு ஒரு ஸ்டூடியோவில் வந்து பாடிவிட்டுப் போன மாதிரி இருந்தது. பாங்கி நண்பர், பிளேட்டைத் தவிர எதையும் மெச்சாதவர், "அடாடா" என்றார். டாக்டருக்குக் கண் நிறைந்துவிட்டது.

மாமா ஊஞ்சலின் விளிம்பில் வந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் கையைப் பார்த்து எந்தச் சரணம் என்று தெரிந்துகொண்டிருக்க வேண்டும். ஒரு கட்டத்தில் காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்துக்கொண்டு குனிந்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கை அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்துவிட்டு, "அந்த 'போறுமோடா' எங்கே?" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை. பையனுக்குப் புரிந்துவிட்டது. "பக்கத்தில் யாரோ பேசினது மாமா. அதை எடுத்துட்டேன்" என்றான்.

விஷயம் இதுதான். அந்த மிஷின் மாமாவுடைய சிநேகிதனுடையது. கும்பகோணத்தில் கூடப் படித்தவன். சிங்கப்பூர் சித்தப்பா கொண்டுவந்து கொடுத்த மிஷின். மாமா மேடையோரத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, சிநேகிதன் பக்கத்தில் ஸ்பூலைக் கண்காணித்துக்கொண்டிருந்திருக்கிறான். வித்வான் விஸ்தாரமாகப் பாடப் பாட இவர்களுக்குக் கவலை. ஒரு இடத்தில் அவன், "டேப் போறுமோடா?" என்று கேட்கிறான். இன்னொரு இடத்தில், "மழை வராப்பல இருக்கு" என்கிறான். மூன்றாவது இடத்தில் வார்த்தை இல்லை. ஒரு "பலே" மட்டும், மேடைக்குக் கேட்கக் கூடாது என்று அடக்கிச் சொன்னது. மைக்குக்குப் பக்கத்தில் இருப்பவன் மூச்சுத்தானே முதலில் பதிவாகும்? அந்தச் சிநேகிதன் 1971-ல் போய்விட்டான். எப்படி என்று மாமா சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

"எனக்குப் பாட்டு வந்து, தகரத்திலே மணலைக் கொட்டற மாதிரிதான் கேக்கறது" என்றார் மாமா. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதைச் சொன்னார். "பேச்சு மாத்திரம் சுத்தமா விழறது. இத்தனை நேரத்திலே எனக்குக் கேக்கறது அந்த மூணு இடந்தான். அதையும் எடுத்துட்டியே, அப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளையாரப்பா என்கிறமாதிரி சொன்னார். பையன் எழுந்து போய் அவர் காலடியில் உட்கார்ந்து, மூலப் பதிவு பத்திரமாக இருக்கிறது, ஒரு எழுத்துக்கூட அழியவில்லை என்று காதண்டை திரும்பத் திரும்பச் சொன்னான். அங்கேயே மூலத்தைப் போட்டுக் காட்டினான். இரைச்சல், நாய், குழந்தை எல்லாம் கூடத்தில் வந்து நிறைந்தது. முப்பத்து நாலாவது நிமிஷத்தில் ஓர் இளைஞன் குரல், கவலையோடு, "டேப் போறுமோடா?" என்றது. மாமா தலையை ஆட்டினார். "போறும், போறும்" என்றார். அப்புறம் மாமி காப்பி கொண்டுவந்தாள்.

காப்பி வந்துவிட்டபடியால் சண்டை ஆரம்பமாயிற்று. மாமாவுக்கு மூலப் பதிவு இருக்கட்டும். வெளியே கொடுக்கிற பிரதி சுத்தமானதாக இருக்கட்டும் என்றார் பாங்கி நண்பர். கௌஹர் ஜான் பெயர் சொல்லுவதை நான் ஞாபகப்படுத்தினேன். "அது பாடினவள் சொன்னது ஐயா, பக்கத்து ஸீட்டுக்காரன் சொன்னதில்லை" என்று மடக்கினார். ஆசிரியையும் அவர் பக்கம்தான். "நான் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லறவ. அவாளுக்கு நிஷாதம் எங்கே நிக்கறதுன்னு கேக்கணும். நாய் குரைச்சால் எப்படிக் கேக்கும்?" என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. என் கட்சி பிடிவாதத்தின் பேரில் நிற்கிறது என்றுகூடச் சொல்லலாம். அந்த வித்வான் அன்று நிஷாதத்துக்காகப் பாடவில்லை. அந்த நாய்க்கும், அழுத குழந்தைக்கும், மழை வருமா என்று வானத்தைப் பார்த்தவனுக்கும் எதிரே உட்கார்ந்து பாடினார். கூட்டத்திலிருந்து ஒரு 'ஆஹா' வந்த பிறகு அவர் அந்தப் பிடியையே இன்னொரு தரம், வேறு மாதிரி பிடிக்கிறார். சுத்தமான பிரதியில் 'ஆஹா' இல்லை. அவர் ஏன் திரும்பிப் போனார் என்பதற்குக் காரணமும் இல்லை. டாக்டர் இரண்டும் தமக்கு வேண்டும் என்றார். டாக்டரிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்?

முடிவாகப் பையன் இரண்டு விதமாகவும் செய்து, ஒன்றுக்கு 'சுத்தம்' என்றும் மற்றொன்றுக்கு 'முழுசு' என்றும் பெயர் வைத்தான். வித்வானின் பேரனுக்கும் இரண்டையும் அனுப்பினோம். தாத்தா வீட்டில் சாதகம் செய்து கேட்ட அந்த ராகம் தங்களிடம் பதிவாக எங்குமே இல்லை என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை மாமா பூஜை அலமாரியில் வைத்திருக்கிறார். மற்றபடி விஷயம் தெரிந்து கேட்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு 'சுத்தம்'தான் வேண்டியிருக்கிறது. இதில் எனக்கு வருத்தந்தான், மறைப்பானேன்?

ஐந்தாவது ஸ்பூல் இன்னும் பாக்கி. சுற்றுக்குச் சுற்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவசரப்பட்டுப் பிரித்தால் பொடிப் பொடியாகப் போய்விடும் என்று பையன் அதை ஒரு டப்பாவில் வைத்து, வாரத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். அதில் அந்த ராத்திரியின் கடைசிப் பகுதி இருக்கிறது. மழை வந்ததா இல்லையா என்பது அதில்தான் தெரியும். "வந்துது" என்கிறார் மாமா. "வரலை, பந்தலைப் பிரிக்கறபோது நன்னா நிலா" என்று மாமி சமையலறையிலிருந்து சொல்லுகிறாள். அவளும் அந்த ஊர்ப் பெண்தான் என்பது அன்றுவரை எங்கள் யாருக்கும் தெரியாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டம். நான் இந்தத் தடவை என்ன கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அப்பாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து குக்கர் காம்போதியைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். டேப் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது; பென்ஸிலை விட்டுச் சுற்றிச் சரி செய்தாயிற்று. பாங்கி நண்பரைக் காப்பி வருகிற வரையில் எப்படி வாயைத் திறக்காமல் உட்கார வைப்பது என்பதுதான் தெரியவில்லை.